ஸ்டீயரிங்கை விட்டுப் பக்கத்து சீட்டுக்கு வரும்போது

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன் சார், எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?" டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்கு வருகிற பலரும் ஏதாவது ஒரு விதத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள். அனுபவம் வேண்டியதுதான். ஆனால் பயிற்சியில் முதலில் குறுக்கே நிற்பதும் அதுதான். வருஷக்கணக்காக ஓட்டியவருக்கு எல்லாம் பழக்கத்தில் போய்விடும். கிளட்ச்சை எந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்கிறோம், வளைவில் திரும்பும் முன் கண் எங்கே போகிறது என்று கேட்டால் யோசிப்பார். காலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது.

அதனால் பயிற்சியின் தொடக்கத்திலேயே, பார்ப்பதையும் செய்யப் போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்வோம். "முன்னால் பஸ் நிற்கிறது. அதன் மறைவிலிருந்து யாராவது வரலாம். கண்ணாடி பார்க்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன்." கேட்க எளிதாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே பேச்சு நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தை அவர் யோசிக்காமல் ஓட்டுகிறார் என்று பொருள். யோசிக்காமல் செய்வதைப் பிறருக்கு விளக்க முடியாது.

தகுதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 24-ஆம் விதி பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ் அல்லது அதைவிட உயர்ந்த தகுதி கேட்கிறது. மூன்றும் நியாயமானவை. ஆனால் சொல்லிக்கொடுக்க வருமா என்பதை இவற்றில் எதுவும் காட்டாது.

பிரிட்டனில் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. 21 வயது நிரம்பி, 3 ஆண்டுகளுக்கு மேல் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம். முதலில் எழுத்துத் தேர்வும் வீடியோவில் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் தேர்வும். அடுத்தது ஓட்டும் தேர்வு. அதில் சின்னத் தவறுகளே 6-ஐத் தாண்டினால் தோல்வி. இந்த இரண்டையும் உழைத்துப் படித்துத் தாண்டிவிடலாம். மூன்றாவதுதான் கடினம். உண்மையான ஒரு மாணவருக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டும், தேர்வாளர் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். 17 அம்சங்களுக்கு மொத்தம் 51 மதிப்பெண். 31 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஆபத்தைக் கையாளும் பகுதியில், 15-க்கு 8 வராவிட்டால், மொத்தத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஃபெயில். இரண்டாவது, மூன்றாவது தேர்வுகளுக்குத் தலா 3 வாய்ப்புதான்.

அந்த ஆபத்துப் பகுதியில் பார்க்கப்படுவதை எந்த நாட்டில் கற்பித்தாலும் பழகிக்கொள்ளலாம். வண்டியில் எதற்கு யார் பொறுப்பு என்று மாணவருக்கு முன்பே புரியவைத்தீர்களா? வழியைத் தெளிவாக, உரிய நேரத்தில் சொன்னீர்களா? ரோட்டையும் மாணவரையும் ஒருசேரக் கவனித்தீர்களா? தேவைப்பட்டபோது, தேவையான அளவுக்குக் குறுக்கிட்டீர்களா? ஆபத்தான தருணம் ஏதும் வந்திருந்தால், அதை அப்புறம் அவருக்கு விளக்கினீர்களா?

"உரிய நேரத்தில்" என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். "அந்தப் பெரிய கட்டடம் தாண்டி வருகிற இரண்டாவது தெருவில் இடது பக்கம் திரும்புங்க" என்று நிதானமாகச் சொல்ல 4 நொடி ஆனால், சொல்லி முடிப்பதற்குள் சுமார் 56 மீட்டர் போயிருக்கும். அதுவரை திரும்பப் போவது எந்தப் பக்கம் என்றே மாணவருக்குத் தெரியாது. "அடுத்து இடது பக்கம் திரும்பப் போறோம். இரண்டாவது தெரு." இப்படித் திசையை முதலில் சொன்னால், இடம் காதில் விழுவதற்குள் அவர் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். கடைசி நிமிஷத்தில் "இங்கதான், இங்கதான், திருப்புங்க!" என்று கத்தும் இன்ஸ்ட்ரக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவர் பதறி வண்டியை வெட்டினால், தப்பு கத்தியவர் மேல்தான்.

அப்புறம் டூயல் கன்ட்ரோல். பக்கத்து சீட்டின் காலடியில் இருக்கும் அந்த பிரேக்கையும் கிளட்ச்சையும் எப்போது தொடுவது என்பதைவிட, எப்போது தொடாமல் இருப்பது என்பதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். மேட்டில் வண்டி எடுக்கும் பாடத்தைப் பாருங்கள். மாணவர் கிளட்ச்சை வேகமாக விடுகிறார். வண்டி ஆஃப் ஆகிவிடுமே என்று இன்ஸ்ட்ரக்டர் தன் பக்கத்து கிளட்ச்சைச் சத்தமில்லாமல் அழுத்திக் காப்பாற்றுகிறார். வண்டி குலுங்காமல் மேலே போகிறது. "சூப்பர்!" என்று பாராட்டு வேறு. மாணவர் தான் கற்றுக்கொண்டுவிட்டதாக நம்புவார். லைசென்ஸ் டெஸ்டில், அல்லது அதைவிட மோசமாக, சொந்த வண்டியில் பின்னால் லாரி நிற்கும்போதுதான் உண்மை தெரியவரும். இது உதவி மாதிரித் தெரியும், ஏமாற்று வேலை என்றுதான் நான் சொல்வேன். இன்ஸ்ட்ரக்டர் கால் வைத்தால், "இப்போ பிரேக் பிடித்தது நான்" என்று உடனே சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஏன் பிடிக்க வேண்டியிருந்தது என்று பேச வேண்டும்.

சரி, வண்டி ஆஃப் ஆனால் என்ன செய்வது? "கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்று பத்துத் தடவை சொல்வது பாடம் ஆகாது. சீட் பின்னால் தள்ளி இருக்கிறதா பாருங்கள். கால் எட்டாவிட்டால் கிளட்ச் கடைசியில் துள்ளித்தான் வரும். குதிகால் தரையில் ஊன்றாமல் முழுக் காலும் அந்தரத்தில் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் அவர் கண்ணைப் பாருங்கள். அடிக்கடி பின்கண்ணாடிக்குப் போகிறது என்றால், கோளாறு காலில் இல்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவர் மேல் உள்ள பயம்தான் காலை அவசரப்படுத்துகிறது. அவருக்கு வேண்டியது கிளட்ச் பாடம் இல்லை, கொஞ்ச நேரம் காலி ரோடு. ஒரே தவறுக்கு மூன்று காரணம், மூன்று வேறு வைத்தியம். எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் நான் இன்ஸ்ட்ரக்டர் என்பேன்.

குரலை உயர்த்துவது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் சாக்கில் கையைத் தொடுவது, பாட நேரத்தில் போனில் பேசுவது, இவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கூடாது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை மணி நேரம் உண்மையான மாணவரோடு வண்டியில் உட்காரவைப்பீர்கள்? அனுபவமுள்ளவர் நடத்தும் பாடத்தைப் பின் சீட்டிலிருந்து பார்க்க விடுவீர்களா? கேள்வித்தாள், சாலைக் குறியீடு, என்ஜின் பாகங்கள் என்று வகுப்பறையிலேயே முடித்துச் சான்றிதழ் தருகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். பின் சீட்டில் உட்காரக் கிடைத்தால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் எப்போது வாய் திறக்கிறார், எப்போது மாணவரையே பதில் சொல்ல வைக்கிறார், கால் எப்போது பெடலுக்கு மேலே போய் அழுத்தாமலே திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் சம்மதித்தால், உங்கள் சொந்தப் பாடங்களின் பேச்சையும் போனில் பதிவு செய்து வீட்டில் கேட்டுப்பாருங்கள்.