கச்சான் காற்றும் அலரி இலையின் குழிகளும்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் போய்வந்த ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்கள் வளவில் செவ்வரத்தையும் குரோட்டனும் கச்சானில் கருகிவிட்டன. கடற்கரைப் பக்கம் ஒரு வேலியோரம் அலரி மட்டும் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதாகத் தெரியவில்லை. எப்படி?"

அவர் கேட்பது செவ்வலரியையும் வெள்ளை அலரியையும் பற்றி. மஞ்சள் அலரி மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா பக்கமிருந்து வந்த வேறு சாதி. இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

முதலில் கச்சான். தென்மேல் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்குக் கரையில் நம் பக்கம் இறங்குகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடேறும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் முகத்தில் அடிக்கும் அனல் அதுதான். நிலமோ மணல். கல்லடி, காத்தான்குடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊர்களில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. பூச்செடிக்கென்று மோட்டர் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் கிணறு உவர்த்துப்போகும். அதனால்தான் அலரி போன்ற செடிகள் நமக்கு முக்கியம் என்கிறேன்.

சரி, இலைக்கு வருவோம். இலையிலுள்ள நுண்ணிய துவாரங்களான இலைவாய்களால் காபனீரொட்சைட்டு உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது என்பது பள்ளிப் பாடம். எந்த இலையின்மேலும் அசையாத காற்று ஒரு மெல்லிய போர்வைபோல ஒட்டியிருக்கும். வெளியே வந்த ஈரம் அதற்குள் தங்குவதால், அடுத்த ஈரம் வெளியேறுவது மெதுவாகிறது. கச்சான் வீசும்போது அந்தப் போர்வை மெலிந்துவிடும். கொடியில் போட்ட ஈரச் சாரன் காற்றில் சட்டென்று காய்வதுபோல இலையும் காயத் தொடங்கும்.

அலரி இலையின் மேற்பக்கத்தில் இலைவாயே இல்லை. தடித்த மெழுகுப் பூச்சு. அதன்கீழ் ஒன்றல்ல, இரண்டு மூன்று அடுக்கு மேற்றோல். இலைவாய்கள் எல்லாம் அடிப்பக்கத்தில், அங்கேயும் வெளியே தெரியாமல், சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் உட்சுவர் நிறைய மெல்லிய மயிர்கள். பழைய வீட்டு மாடக்குழியில் வைத்த விளக்கு காற்றடித்தாலும் அணையாது அல்லவா? அப்படி, வெளியே கச்சான் எவ்வளவு ஊதினாலும் குழிக்குள் இருக்கும் ஈரக்காற்று பெரிதாக அசைவதில்லை. ஓர் இலையைப் பறித்து அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், வெளிறிய புள்ளிகள் தெரியும். நுணுக்குக்காட்டியில் அதன் குறுக்குவெட்டை முதன்முதலில் பார்த்த நாளில் நான் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், குழி மிச்சம்பிடிக்கும் தண்ணீர் நாம் நினைத்த அளவுக்கு இல்லை என்கிறார்கள். பெரிய தடை இலைவாயின் சின்னத் துவாரம்தான். அப்படியானால் குழி எதற்கு? அவுஸ்திரேலியாவின் பாங்சியாச் செடிகளை ஆராய்ந்தவர்கள் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. வறட்சியைத் தாங்க இலை தடிப்பாக இருக்கவேண்டும். தடித்தால், அடிப்பக்கத்தில் நுழையும் காபனீரொட்சைட்டு மேற்பக்கத்துப் பச்சைக் கலங்களுக்குப் போய்ச்சேர்வது கடினம். குழி அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. வாசலையே வீட்டின் நடுவுக்குக் கொண்டுபோய் வைத்ததுபோல. அலரியிலும் இப்படித்தானா என்பதைக் கச்சான் வீசும் நாளில், நம் மணலில் வைத்தே அளக்கவேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இதுமாதிரி சிறிய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவே அல்ல.

"அலரி வைத்தால் வீட்டில் சண்டை வரும்" என்று அயலில் சொல்கிறார்களாம். அதை நம்பவேண்டாம். பயப்படவேண்டியது நஞ்சுக்கு. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும். கசப்பினால் ஆடுமாடு பச்சை இலையை அனேகமாகத் தொடாது. காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருப்பதால் சருகு தீவனத்தில் கலக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றமென்றால் வேறு செடி வையுங்கள்.

நடுவது சுலபம். ஒரு சாண் நீளத் தடியைத் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். ஐப்பசி மழையோடு, நல்ல வெயில் படும் இடத்தில் நடுங்கள். மாரி முழுவதும் வேர் கீழே இறங்கிவிடும். முதல் கச்சானுக்கு மட்டும் வாரத்தில் ஒருநாளோ இரண்டுநாளோ, மணல் ஆழமாக நனையும்வரை நின்று ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேல்மணலிலேயே தங்கிவிடும். பூ புதுக் குருத்தின் நுனியில்தான் வரும், ஆகவே பூத்து ஓய்ந்ததும் கொப்புகளை வெட்டிவிடுங்கள். பால் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதை எரிக்கவேண்டாம், புகையும் நஞ்சு. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.