ஸ்டெத்தை ஏன் திருப்பித் திருப்பி வைக்கிறாங்க?

போன வாரம் குடியாத்தத்துல இருந்து தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தங்க போன் பண்ணாங்க. அவங்க அம்மாவுக்கு நாலு படி ஏறுனாலே மூச்சு வாங்குதுன்னு வேலூருக்குக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்காங்க. டாக்டர் முதல்ல ஸ்டெத்தை நெஞ்சுல நல்லா அழுத்தி வெச்சுக் கேட்டாராம், அப்புறம் அம்மாவை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிட்டு, ஸ்டெத் நுனியில இருக்கிற வட்டத்தைத் திருகி மறுபக்கம் மாத்தி, தோல்ல பட்டும் படாம வெச்சு ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கேட்டாராம். "இன்னாத்துக்குண்ணா அத்த திருப்பித் திருப்பி வெக்கிறாரு?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி, போன்ல சொன்னதை இங்கயும் எழுதிடறேன்.

ஸ்டெதாஸ்கோப் பொறந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1816-ல பாரிஸ்ல லென்னெக்குன்னு ஒரு டாக்டர், ஒரு பெண்ணோட நெஞ்சுல நேரா காதை வெக்கச் சங்கடப்பட்டு பேப்பரைச் சுருட்டி வெச்சுக் கேட்டாரு, அப்புறம் அதையே மரக்குழாயா செஞ்சாரு. 1850-கள்ல ரெண்டு காதுக்கும் ட்யூப் வந்துடுச்சு.

இப்ப அந்த வட்டத்துக்கு வருவோம். ஒரு பக்கம் விறைப்பான பிளாஸ்டிக் தகடு, அது டயாஃப்ரம். இன்னொரு பக்கம் சின்னக் கிண்ணம் மாதிரி குழிஞ்சு திறந்து இருக்கும், அது பெல். இதயத்துச் சத்தத்துல பெரும்பகுதி 20-லருந்து 500 ஹெர்ட்ஸுக்குள்ளதான் (ஹெர்ட்ஸ்னா நொடிக்கு எத்தனை அதிர்வுங்கிற கணக்கு), அதுலயும் மெதுவா அதிர்ற அடிமட்டத்துச் சத்தம் நம்ம காதுக்கு ரொம்ப மந்தமாத்தான் விழும்.

எங்க பக்கம் பறை அடிக்கப் போறவங்க முதல்ல வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டுல தோலைக் காட்டிக் காட்டி விரலால தட்டிப் பாப்பாங்க பாத்திருக்கீங்களா? காயாத தோலு தொப்பு தொப்புன்னு கேக்கும், ஈரம் போய் இழுத்துப் பிடிச்சதும் கணீர்னு ஏறும். இறுகுன தோலு மெதுவான அதிர்வுக்கு மசியாது, வேகமான அதிர்வைத்தான் நல்லா ஏத்துக்கும். டயாஃப்ரம் காய வெச்ச பறை மாதிரி, மெதுவா உருள்ற சத்தத்தை வெளியிலயே நிறுத்திட்டு மூச்சுக் காத்து, வால்வு மூடுற லப் டப் இதையெல்லாம் தெளிவா உள்ள விடும்.

பெல்லுக்குத் தகடே கிடையாதே, அப்ப பறைத் தோலு எங்கன்னு கேப்பீங்க. நோயாளியோட தோலேதான்! கிண்ணத்தோட வாயை மூடுறது அவங்க நெஞ்சுத் தோலு. லேசா வெச்சா அது தளர்வா இருக்கும், அடிமட்டத்துச் சத்தம் நல்லா வரும். அதே பெல்லை அழுத்துனீங்கன்னா விளிம்பு தோலைச் சுத்தி இழுத்து இறுக்கிடும், அந்த நொடியே அது டயாஃப்ரமா மாறி உருள்ற சத்தம் மறைஞ்சிடும். கை அழுத்தம்தான் இங்க ட்யூனிங். எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு இது அலுக்கவே இல்ல. இப்ப வர்ற சில ஸ்டெத்துல ஒரே பக்கத் தகட்டையே லேசா வெச்சா பெல்லு, அழுத்துனா டயாஃப்ரம்.

அந்த டாக்டர் தேடுனது மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தோட இடது பக்கத்து ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கிற கதவு, சுருங்கிப் போச்சான்னு. இடுக்கு வழியா ரத்தம் போகும்போது தூரத்துல வண்டி உருள்ற மாதிரி மெல்லிசா ஒரு அடிமட்டத்துச் சத்தம் வரும், அது பெல்லுக்குத்தான் சிக்கும். இடது பக்கம் ஒருக்களிச்சா இதயத்தோட நுனி நெஞ்சுச் சுவருக்கிட்ட வரும், அதான் அப்படிப் படுக்க வெச்சது. சட்டை மேல வெச்சுக் கேட்டா துணி உரசுற சத்தமே இதை முழுங்கிடும், அதனால டாக்டர் துணியை விலக்கச் சொன்னா கூச்சப்படாதீங்க.

மத்ததையும் சொல்லிடறேன். குழந்தைங்களுக்கு வட்டம் சின்னது, பெருசா இருந்தா குட்டி நெஞ்சுல விளிம்பு ஒட்டாது, சத்தம் கசியும். வயித்துல இருக்கிற பிள்ளையோட துடிப்பைக் கேக்க பினார்டுன்னு புனல் மாதிரி ஒரு மரக்குழாய், கரண்டே வேணாம், அந்தத் துடிப்பு சாதாரணமா நிமிஷத்துக்கு 110-லருந்து 160 வரைக்கும் இருக்கும். எலக்ட்ரானிக் ஸ்டெத் சத்தத்தைப் பெருக்கி ரெக்கார்டும் பண்ணும். காசாவுல தாரெக் லூபானின்னு ஒரு டாக்டரோட குழு 3டி பிரின்டர்ல சில டாலர் செலவுல ஸ்டெத் செஞ்சு, டிசைனை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. நம்ம ஊரு காலேஜ் பசங்களால முடியாத வேலையா இது? இந்த மாதிரி சின்ன ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கணும்னு நான் நிஜமாவே ஆசைப்படறேன்.

அந்தத் தங்கச்சி இன்னொண்ணும் சொன்னாங்க. சின்ன வயசுல அம்மாவுக்குக் காய்ச்சலோட முட்டி மாறி மாறி வீங்குச்சான்னு டாக்டர் கேட்டாராம். வீங்கியிருக்கு. அப்ப காத்துக் கருப்புன்னு சொல்லித் தாயத்து கட்டியிருக்காங்க. தொண்டைக்கு வர்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சரியா கவனிக்காம விட்டா, சில பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே தடம் மாறி மூட்டையும் வால்வையும் தாக்கும், வால்வு சுருங்குறது வெளிய தெரிய வருஷக்கணக்கா ஆகும். அன்னிக்கே பார்த்து, மூணு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசின்னு தொடர்ந்து போட்டிருந்தா திரும்பத் திரும்ப வர்றதைத் தடுத்திருக்கலாம். கட்டுனவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, பிள்ளை மேல இருந்த பயத்துலதான் கட்டியிருப்பாங்க, ஆனா இன்னிக்கும் தொண்டை வலியோட வர்ற பிள்ளையை முதல்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறதைப் பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது.

வியாழக்கிழமை எக்கோ, அதாவது இதயத்தை ஸ்கேன்ல பாக்கிறது, எடுக்கச் சொல்லியிருக்காங்களாம். வால்வு எவ்ளோ சுருங்கியிருக்குன்னு அதுல அளந்தே சொல்லிடுவாங்க.