பிரேக் ஒயிலும் ஒரு துளித் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வாகனத்தின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கத்தக்க இறக்கம் எதுவும் இல்லை. கீரிமலையில்கூட மலை பெயரில் மட்டுமே இருக்கிறது. அதனால் ஐந்தாறு ஆண்டுகளாக மாற்றப்படாத பிரேக் ஒயிலோடு கோண்டாவிலுக்கும் யாழ் நகருக்கும் இடையில் ஓடித் திரியும் கார், எந்தக் குறையையும் காட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும். அதே காரில் விடுமுறைக்கு ஐந்து பேர் ஏறி, ஏ9 வீதியால் கண்டிக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போய், திரும்பி றம்பொடை வளைவுகளில் இறங்கும்போதுதான் பெடல் பஞ்சுபோல் அமுங்கத் தொடங்குகிறது. ஊரில் நன்றாக இருந்த பிரேக் மலையில் கெட்டுவிட்டது என்றே பலரும் சொல்வார்கள். அது ஊரில் நின்றபோதே கெட்டுவிட்டது. கெட்டதைக் காட்டுவதற்கு வேண்டிய வெப்பம்தான் மலையில் கிடைத்தது.

அந்த வெப்பம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் கார் ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தை இழக்கிறது. ஆட்களோடும் பொதிகளோடும் 1400 கிலோகிராம் திணிவுள்ள கார் என்றால், அந்த இறக்கத்தில் அது கைவிட வேண்டிய சக்தி ஏறத்தாழ 19 மெகாயூல். அதே கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு தடவை முற்றாக நிற்கும்போது கைவிடுவது அரை மெகாயூலுக்குச் சற்று அதிகம். காற்றின் தடையும், கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சினும், இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும், சில்லோடு சுழலும் தட்டான பிரேக் டிஸ்க்கிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பாட்டிலும் வெப்பமாகி, பாட்டை அழுத்தும் பிடியான கலிப்பருக்குள் நிற்கும் ஒயிலுக்குப் போய்ச் சேருகிறது.

ஒயில் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இது எண்ணெய் அல்ல. நம் வாகனங்களில் இருப்பது பெரும்பாலும் கிளைக்கோல் ஈதர் வகைச் சேர்வைகளின் கலவை. தண்ணீரோடு தாராளமாகக் கலக்கும், எண்ணெயோடு கலக்காது. தொடக்க காலப் பிரேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் அற்ககோலும் கலந்தவை என்பதால், அந்தப் பெயர் ஒரு காலத்தில் பொருந்தியே இருந்தது. 1921இல் அமெரிக்காவின் டூசன்பேர்க் நிறுவனம் நான்கு சில்லுகளுக்கும் ஹைட்ரோலிக் பிரேக் பூட்டிய காரை வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எங்கும் பரவும், திரவம் அமுங்காது. இந்த இரண்டாவது நிபந்தனை உடையும்போது பிரேக்கும் இல்லாமற்போகிறது.

இங்கேதான் ஒரு துளித் தண்ணீரின் கணக்கு வருகிறது. பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் உருளைதான் மாஸ்டர் சிலிண்டர். 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 30 மில்லிமீற்றர் நகர்ந்தால், அது தள்ளும் திரவம் ஏறத்தாழ 11 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டி. பெடலை அடிமட்டம்வரை மிதித்தாலும் நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். ஒரு துளித் தண்ணீர், அதாவது 0.05 மில்லிலீற்றர், கொதித்து நீராவியானால் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் 80 மில்லிலீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். காலால் மிதித்து அந்த ஆவியை நெருக்குவதிலேயே பெடலின் நடை முழுவதும் தீர்ந்துவிடுகிறது; பாட்டை டிஸ்க்கோடு அழுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. பெடலைக் கடுமையாக மிதித்திருக்கும்போது குழாய்களுக்குள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் பல பத்து மடங்காக இருக்கும். அமுக்கம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும் என்பதால், அந்த வேளையில் திரவம் எளிதில் கொதிக்காது. காலை எடுத்த மறுகணம் அமுக்கம் விழுந்துவிடும்; ஆனால் பாட்டுகளில் தேங்கிய வெப்பம் கலிப்பருக்குள் தொடர்ந்து ஊறிக்கொண்டிருக்கும். அப்போதுதான் திரவம் கொதிக்கிறது. ஆகவே ஒரு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், அடுத்த வளைவில் கால் வைத்தவுடன் தரைவரை போய்விடும். இறக்கத்தின் நடுவே தேத்தண்ணீர்க் கடையில் பத்து நிமிடம் நின்று புறப்படும்போது முதல் மிதி வெறுமையாக இருந்தால், காரணம் இதுவாகவே இருக்கலாம். பெடல் கல்லுப்போல் இறுகியிருந்தும் கார் நிற்க மறுத்தால் கோளாறு வேறு. அங்கே பாட்டுகள் அளவுமீறிச் சூடேறி உராய்வை இழந்திருக்கின்றன. மிதி மென்மையானதா கடினமானதா என்பதை வைத்தே இரண்டையும் பிரித்தறியலாம்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? மாஸ்டர் சிலிண்டரின் மேலே இருக்கும் ஒயில் கிண்ணத்து மூடியின் காற்றுத் துளை வழியாகவும், அதைவிட முக்கியமாகச் சில்லுகளுக்கு அருகே இருக்கும் இறப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல ஊறி இறங்குகிறது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நம்மூரில் காற்றுக்கு ஈரம் குறைந்த காலம் அரிது. கிளைக்கோல் ஈரத்தை உறிஞ்சுவது குறைபாடுபோலத் தோன்றினாலும், அதில் ஒரு நன்மை இருக்கிறது: வந்த தண்ணீர் திரவம் எங்கும் கரைந்து பரவுவதால், கொதிநிலை படிப்படியாக மட்டுமே இறங்குகிறது. ஈரத்தை ஏற்காத சிலிக்கோன் திரவத்தில், வந்த தண்ணீர் கலிப்பரின் தாழ்ந்த மூலையில் தனியே தேங்கி, 100 பாகை செல்சியஸிலேயே கொதித்து, போதாக்குறைக்கு அங்கே துருவும் பிடிக்கச் செய்யும்.

போத்தலில் இருக்கும் எண்களை இந்த விளக்கத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். டொட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் சுருக்கப் பெயர். அதன் நியமம் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகளை விதிக்கிறது. ஒன்று புதுத் திரவத்துக்கானது, மற்றது 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த திரவத்துக்கானது. டொட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை, ஈரமானபின் 140. டொட் 4க்கு அவை 230உம் 155உம், டொட் 5.1க்கு 260உம் 180உம். கடைக்காரர் பெருமையோடு காட்டுவது முதல் எண்ணைத்தான். வீதியில் ஓடும் காருக்கு நான் பார்ப்பது இரண்டாவது எண்ணை, ஏனெனில் பூட்டிய சில மாதங்களிலேயே திரவம் அந்த எண்ணை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். பழைய டொட் 5.1ஐவிடப் புதிய டொட் 3 மேலானது என்பது இந்த எண்களிலேயே எழுதியிருக்கிறது. டொட் 5 என்று புள்ளியில்லாமல் எழுதப்பட்டிருந்தால் அது சிலிக்கோன். ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்குப் பெயர் வைத்தவர்களை எத்தனை திட்டினாலும் தகும். டொட் 5 மற்றவற்றோடு கலக்காது, சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ் உள்ள வாகனங்களுக்கு உகந்ததும் அல்ல. டொட் 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை.

பந்தயத் தளத்தில் கணக்குத் தலைகீழாகிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீற்றர்ச் சுற்றிலோ, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவின் பழைய விமான ஓடுபாதையிலோ ஓடுபவர் மணிக்கு 160 கிலோமீற்றரிலிருந்து 60க்கு வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும், 1200 கிலோகிராம் கார் ஏறத்தாழ ஒரு மெகாயூலைப் பிரேக்கில் கொட்டுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைப் போட்டி மலையேறுவது என்பதால் அங்கே பிரேக்குக்கு இவ்வளவு வேலையில்லை. தளத்தில் ஓடுபவர் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் திரவத்தைப் புதுப்பிப்பார் என்பதால், முதல் எண்ணே அவருக்கு முக்கியம். மொட்டுல் ஆர்.பி.எஃப் 660 போன்ற பந்தயத் திரவம் புதிதாக 325 பாகைவரை தாங்கும், ஈரமானபின் 204 பாகைக்கு இறங்கிவிடும். காஸ்ட்ரோல் எஸ்.ஆர்.எஃப் 320இல் தொடங்கி 270இல் நிற்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். வீட்டுக் காருக்கு இவற்றை வாங்கி ஊற்றிவிட்டு நான்கு ஆண்டுகள் மறந்திருப்பது பண விரயம். சாதாரண டொட் 4ஐ இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை, மலைநாட்டுக்கு அடிக்கடி போகிறவர் ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றினால், அதுவே போதும் என்பது என் கருத்து.

மாற்றுவதை எங்கள் கராஜ்களில் எயர் எடுப்பது என்றே சொல்வார்கள். சென்ற மாதம் ஒரு மாமரத்தின் கீழ், சில்லுக் கழற்றிய காரின் பக்கத்தில் மெக்கானிக் அண்ணை படுத்திருக்க, பெடலில் கால் வைத்து உள்ளே நான் இருந்தேன். "அமத்திப் பிடியுங்கோ தம்பி, சொல்லும்வரைக்கும் விட்டிடாதேங்கோ" என்றுவிட்டு, அவர் ஒயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளை 10ஆம் நம்பர் ஸ்பனரால் கால் சுற்றுத் தளர்த்தினார். கண்ணாடிபோன்ற சிறு குழாய் வழியாக, வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் பழைய ஒயில் தண்ணீர்ப் போத்தலுக்குள் இறங்கியது. நிப்பிள் இறுகிய பிறகுதான் காலை எடுக்க அனுமதி. காலை முந்தி எடுத்தால் காற்று உள்ளே இழுபடும். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு நிறம் வெளிறி, இளந்தேன்போல் ஆனது. பெடலின் கீழே அவர் ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருவேறியிருக்கும். பெடலை அடிமட்டத்துக்கு விட்டால் உள்ளிருக்கும் இறப்பர் வளையம் அந்தத் துருவில் உரசிக் கிழியும். இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் நான் முன்பொருமுறை கெடுத்துக்கொண்ட மாஸ்டர் சிலிண்டர் ஒன்று இன்னும் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது.

வழக்கமான வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலிருக்கும் சில்லில் தொடங்குவது. வலப்பக்கச் சாரதி ஆசனமுள்ள நம் வாகனங்களில் அது பின் இடதுசில்லு. இடப்பக்க வாகனங்களுக்கென எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றக் கூடாது. சில வகைகளுக்குக் கையேடு வேறு வரிசை சொல்லும், அப்போது கையேடே சரி. மேலே உள்ள கிண்ணத்தில் மட்டும் பழையதை உறிஞ்சிப் புதியதை ஊற்றுவது வீண். இந்தத் திரவம் எஞ்சின் ஒயில்போலச் சுற்றி ஓடுவதில்லை. ஈரம் அதிகமுள்ள பகுதி சில்லருகே அப்படியே நிற்கும். ஈரத்தை அளக்கும் பேனா வடிவச் சோதனைக் கருவியைக் கிண்ணத்தில் தோய்த்து எடுக்கும் அளவும் இதே காரணத்தால் நம்மை ஏமாற்றும்.

இப்போது இங்கே நிறைந்திருக்கும் டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற கலப்பின வாகனங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவை வேகத்தைக் குறைக்கும்போது பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக மாற்றிப் பற்றரிக்குள் அனுப்புவதால், பிரேக் பாட்டு பல ஆண்டுகள் தேயாது. பாட்டுத் தேயாதபோது ஒயிலைப் பற்றிய நினைப்பும் எவருக்கும் வராது. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பியதும் அந்த உதவி குறைந்து, ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்த பிரேக்கின் மேல் சுமை ஏறுகிறது. அதனால்தான் அவற்றின் கியரில் பி (B) என்ற நிலை இருக்கிறது. இறக்கத்தில் அதைப் போட்டு எஞ்சினையும் பிடிக்கச் செய்ய வேண்டும். இவற்றின் பிரேக் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால், மாமரத்தடி முறையில் எயர் எடுக்க முற்படாமல், உரிய ஸ்கானர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

பவர் ஸ்டீயரிங் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ சிறிதளவு தவறி பிரேக் கிண்ணத்துக்குள் விழுந்தாலும், உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிவிடும்; பிறகு ஒயிலை மட்டும் மாற்றித் தப்ப முடியாது. பிரேக் ஒயில் காரின் பெயின்ரில் சிந்தினால், துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கென்று அலுமாரியில் வைக்கக் கூடாது, மூடி இறுகியிருந்தாலும். கழித்தெடுத்த பழையதைக் கராஜின் கழிவு ஒயில் பீப்பாவில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். வேலியோரத்தில் ஊற்றினால், சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே அது போய்ச்சேரும் இடம் நம் கிணறு.