பெறுபேறு குறைந்த பட்டதாரியும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பும்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாதியியல் பட்டதாரியான ஒரு தம்பி, தன் சான்றிதழ்களைப் பிஸ்கட் தகரத்தில் வைத்துக்கொண்டு, நான் தாதியாகக் கடமையாற்றும் வைத்தியசாலை விடுதிக்கு வந்திருந்தார். லயத்து வீட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கக் கூடாதென்று அவருடைய அம்மா அனைத்தையும் லமினேட் செய்து வைத்திருந்தார். அந்த அக்கறையே இப்போது தடையாக நிற்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் அத்தாட்சி முத்திரை குத்த முடியாது.

"அமெரிக்காவுல பி.ஏ. படிச்சா நம்ம தோட்டத்து டாக்டர் ஐயா மாதிரி வேலை செய்யலாமாம், மிஸ்" என்றார். தோட்ட டிஸ்பென்சரியைத் தனியாளாக நடத்தும் வைத்திய உதவியாளரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. பி.ஏ. என்று அவர் சொன்னது ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்; வைத்தியரோடு இணைந்து நோயாளரைப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் வேலை. 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து அனுபவம் பெற்றவர்களைக் கொண்டு தொடங்கிய இத்துறை, இன்று பட்டத்துக்குப் பிந்திய, ஏறத்தாழ 27 மாத முதுமாணிப் படிப்பாக உள்ளது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அதை முடித்தவர் மட்டுமே தேசியச் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றலாம்.

தம்பியின் கவலை முதலாம் வருடப் பெறுபேறு. பாடசாலையில் தமிழ் மொழியில் உயிரியல் படித்துவிட்டு, ஆங்கில விரிவுரையில் உட்கார்ந்த முதல் ஆண்டில் உடலியலும் உயிர்இரசாயனமும் அவரைக் கவிழ்த்துவிட்டன. மலையகப் பிள்ளைகளில் இது நான் அடிக்கடி காண்பது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்த விரிவுரை மண்டபத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். 120 கிரெடிட்டுகளில் சராசரி 2.6 ஆக இருப்பவர், மேலும் 12 கிரெடிட்டுகள் படித்து அனைத்திலும் உச்சப் புள்ளியான 4.0 எடுத்தாலும், மொத்தச் சராசரி 2.73ஐத் தாண்டாது. ஆகவே, சராசரியைத் தூக்குவதையே குறியாகக் கொள்ளாமல், உடற்கூற்றியல், உடலியல், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றில் அண்மைக்காலப் பெறுபேறு உறுதியாக இருப்பதைக் காட்டுவதே பயன் தரும். அமெரிக்கக் கல்லூரியில் ஒரு பாடத்தை மீளப் படித்தால் பழைய புள்ளி மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம்; பொது விண்ணப்பச் சேவையான காஸ்பா இரண்டு தடவைக்குரிய புள்ளிகளையும் சேர்த்தே கணக்கிடும். இலங்கைப் பட்டத்தையோ மதிப்பீட்டு நிறுவனமொன்று பாடம் பாடமாக அமெரிக்க முறைக்கு மாற்றித் தர வேண்டும்; அதன் பிறகும் சில பாடங்களை அமெரிக்காவிலேயே படித்திருக்க வேண்டுமெனப் பல கல்லூரிகள் கேட்கும். அந்தச் செலவைக் கணக்கிடாமல் கடன் வாங்கக் கூடாது.

குறைந்த பெறுபேற்றுக்குத் தம்பி எழுதிய விளக்கக் கடிதம் மூன்று பக்கம் நீண்டிருந்தது. வறுமை, மண்சரிவு, அப்பாவின் நோய், எல்லாம் உண்மை. முதலாண்டில் என்ன தவறியது, பின்னர் என்ன மாறியது என்பதை மட்டும் எட்டு வரிகளில் எழுதச் சொன்னேன். விடுதியில் நோயாளரோடு செலவிட்ட மணித்தியாலங்களை மாதவாரியாகக் குறித்துப் பொறுப்பாளரிடம் கையொப்பம் பெறவும் சொன்னேன். ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் கேட்கும் கல்லூரிகள் உண்டு. தம்பியைப் போலப் பட்டமில்லாமல், மூன்றாண்டு டிப்ளோமா மட்டும் உள்ள தாதியருக்கு முதற்படி பட்டம்தான். கடமையில் இருந்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படித்தவள் நான். இரவுக் கடமை முடிந்து ஒப்படை எழுதிய அலுப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பட்டம் வெளிநாடு போகாதவருக்கும் இங்கே பயன்படும்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் இதே பெயரில் உள்ள இளமாணிப் படிப்பை முகவர்கள் "அமெரிக்க பி.ஏ.வுக்குச் சமம்" என்று தோட்டங்களில் விற்கிறார்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பெற்றோர் அதை நம்பி நகையை அடகு வைத்தார்கள். இந்தியாவில் 1992 முதல் இருந்துவரும் மதிப்புள்ள துறை அது. ஆனால் அந்தப் பட்டம் அமெரிக்கப் பரீட்சைக்கு வாசல் திறக்காது, இலங்கை அரச வைத்தியசாலைகளில் அப்பெயரில் பதவியும் இல்லை.

தம்பியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் 'முத்தையா', அடையாள அட்டையில் 'முத்தைய்யா'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் சீராக்க வேண்டுமென்பதால், முதலில் பிரதேச செயலகத்துக்கும், பிறகு லமினேட் செய்யாத புதிய பிரதிகளுக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் போகும்படி நாள் குறித்துக் கொடுத்தேன். தகரத்தை அம்மாவிடமே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.