பர்ன் அவுட்: எரிந்து போவதா, ஓய்ந்து போவதா?

படிவம் நான்கில் படிக்கும் என் அக்கா மகள் இந்த வருடம் ஓட்டத்தை விட்டுவிட்டாள். 800 மீட்டர் ஓடுகிறவள். தமிழ்ப்பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, பதினைந்து வயதில் எம்.எஸ்.எஸ்.எம். என்கிற மலேசியப் பள்ளிகளுக்கான தேசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் போனவள். அதற்காக வாரத்தில் ஆறு நாள், பள்ளி முடிந்த கையோடு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு அத்தானின் பழைய காரில் போய்வந்தாள், காரிலேயே சாப்பாடு, காரிலேயே வீட்டுப்பாடம். ஒரு நாள் காலணியைக் கழுவிக் காயவைத்து ஸ்டோரில் வைத்துவிட்டு, "இனி போகல" என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

அத்தான் அதைச் சோம்பேறித்தனம் என்றார். பயிற்றுநர் மனதில் பலம் போதவில்லை என்றார். பள்ளி ஆலோசக ஆசிரியர் மட்டும் "இது பர்ன் அவுட்" என்று சொல்லி அனுப்பினார். அன்றிரவு அக்கா எனக்குப் போன் செய்து, "பர்ன் அவுட்னா என்னடா? எரிஞ்சு போறதா? பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இது அவளுக்காகவும், இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற அம்மாக்களுக்காகவும் எழுதுவது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல். அடுப்பில் எண்ணெய் தீர்ந்து தீ தானாக அணைவதற்கு அப்படிச் சொல்வார்கள். ராக்கெட்டில் எரிபொருள் தீர்ந்துபோகும் கட்டத்துக்கும் இதே பெயர்தான். அடுப்பு கெட்டுப்போகவில்லை, எண்ணெய்தான் இல்லை. இதை மனிதர்களுக்கு வைத்து ஆய்வுலகில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் உளவியலாளர். ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் சம்பளமில்லாமல், ராப்பகலாக உழைத்த தொண்டர்கள் சில மாதங்களில் உள்ளுக்குள் வற்றிப்போவதைப் பார்த்து, 1974-இல் இந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். ஆர்வமில்லாதவர்களை அவர் சொல்லவில்லை. ஆசையோடு, ஓடியாடி வேலை செய்தவர்களைத்தான் சொன்னார். அத்தான் இந்த ஓர் இடத்தையாவது இரண்டு தடவை படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை 1981-இல் வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கொடுத்த விளக்கப்படி இது நோய் இல்லை, வேலையிடத்தில் தீராத அழுத்தத்தால் வரும் ஒரு நிலை. வேலையிடத்துக்கு மட்டும்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் காலையில் பள்ளி, மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று ஓடுகிற பிள்ளைக்கு அது வேலை இல்லாமல் வேறென்ன? விளையாட்டு உளவியலில் இந்தச் சொல்லை வீரர்களுக்கும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். தாமஸ் ரேடக் என்ற ஆய்வாளர் 1997-இல் பதின்ம வயது நீச்சல் வீரர்களைப் பார்த்து எழுதியதில் மூன்று அடையாளங்கள் வருகின்றன. உடம்பும் மனசும் ஒன்றாகக் களைத்துப்போவது, எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. மூன்றாவதுதான் முக்கியம், உயிராக நினைத்த விளையாட்டே பெரிதாகத் தெரியாமல் போவது. என் மருமகள் மாநிலப் பதக்கத்தைத் தம்பிக்கு விளையாடக் கொடுத்ததை அக்கா சொன்னபோது எங்களுக்கு அது புரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? "எரிந்து போதல்" என்று அப்படியே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழில் வீடு எரிந்து போகும், கடை எரிந்து போகும், மிஞ்சுவது சாம்பல்தான். அக்கா பயந்ததும் அதனால்தான். "மனச்சோர்வு" என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்ட பெயர். அது சாப்பாடு, தூக்கம், பேச்சு என்று வாழ்க்கை முழுவதையும் பிடித்துக்கொள்கிற நோய். இது பெரும்பாலும் ஒரு காரியத்தைச் சுற்றித் தொடங்குவது. ஒன்று மற்றதில் போய் முடியலாம், அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் கட்டாயம் போகவேண்டும், ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான். "களைப்பு", "அசதி" இரண்டும் ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். "சலிப்பு" பிள்ளைமேல் பழி போடுகிற மாதிரி இருக்கிறது. நம் நாட்டு மலாய்க் கட்டுரைகளில் "லெசு உபாயா" என்று எழுதுகிறார்கள். லெசு என்றால் துவண்டுபோன நிலை, உபாயா என்றால் ஆற்றல், மாற்றுத்திறனாளிகளை "ஓராங் கூராங் உபாயா" என்று சொல்கிறோமே, அதே உபாயா, நம்முடைய உபாயத்துக்குச் சொந்தக்காரச் சொல். நல்ல சொல்லாக்கம், ஆனால் அது மலாய்க்காரர்கள் கண்டுபிடித்தது.

நமக்கான சொல்லை என் அம்மா சொன்னார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பேத்தி தலையைத் தடவிவிட்டு, "பிள்ள ஓஞ்சு போச்சு, விடுங்கடா" என்றார்.

ஓய்ந்து போச்சு. இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை. ஓய்தல் என்றால் நின்றுபோவது, தளர்ந்துபோவது, இரண்டும். மழை ஓய்கிறது, மறுபடியும் பெய்கிறது. அதனால் இந்தச் சொல்லில் சாம்பல் இல்லை. அதே வேரிலிருந்துதான் ஓய்வு வருகிறது, "ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்" என்று சொல்கிறோமே, அந்த ஓய்வு. ஓய்வு கொடுக்காததால் ஓய்ந்து போனாள் என்று சொன்னால் காரணமும் மருந்தும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. வயதானவர்களுக்குச் சொல்கிற சொல்லைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதா என்று ஒரு நண்பர் கேட்டார். காதில் விழும்போது வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கட்டும். பேச்சில் "ஓய்ந்து போதல்", கட்டுரையில் பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் "உள ஓய்ச்சல்" என்று எழுதலாம்.

அம்மாவுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மரத்திலிருந்துதான். பால்மரத்தைப் பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். விலை ஏறுகிறது என்று தினமும் வெட்டி, பட்டையில் மருந்தும் தடவினால் கொஞ்ச நாள் பால் கொட்டும், பிறகு சில மரங்களில் வெட்டுப்பட்டை காய்ந்து, பால் வருவது நின்றேவிடும். இலை பச்சையாக இருக்கும், மரம் உயிரோடுதான் இருக்கும். அதற்குமேல் கத்தி வைப்பதில் பலனில்லை, வெட்டாமல் விட்டால் சில மரம் திரும்பும், சில திரும்பாது. "மரத்துக்கே நாள் கணக்கு இருந்துச்சு" என்றார் அம்மா. பிள்ளைகளுக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் சொன்னது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சியே வேண்டாம், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்கட்டும் என்பது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நான்கு வருடத்தில் அப்படி ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு சொல்லும் இங்கே பிரிந்து நிற்கவேண்டும். ஓய்ந்து போவது வேறு, விலகுவது வேறு. முதலாவது ஒரு நிலை, இரண்டாவது ஒரு முடிவு. ரேடக் பார்த்த நீச்சல் பிள்ளைகளில் அதிகமாக ஓய்ந்து போயிருந்தவர்கள், ஆசை போன பிறகும் வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். அப்பா பெட்ரோலுக்குச் செலவழித்திருக்கிறார், ஊரில் எல்லாரும் "ஓட்டக்காரி" என்றே கூப்பிடுகிறார்கள், எப்படி விடுவது? விட்ட பிள்ளைக்கு முடிவெடுக்கும் தெம்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 15 வயதில் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்று, 2014-இல் 18 வயதிலேயே டென்னிஸை விட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப்போனவர். 2016-இல் தானாகத் திரும்பினார், 2019-இல் பிரெஞ்சு ஓப்பன் வென்றார், 2022-இல் முதலிடத்தில் இருக்கும்போதே மறுபடியும் விலகினார். என் மருமகளும் திரும்புவாள் என்று சொல்லவில்லை. திரும்பாமலே இருக்கலாம், அதுவும் அவள் இஷ்டம்.

நம் ஆட்கள் 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய எம். ராஜாமணியின் பெயரைச் சொல்லித்தான் பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புகிறோம், அனுப்பவும் வேண்டும். திடலிலிருந்து திரும்பி வருகிற பிள்ளையை வரவேற்க மட்டும் நம்மிடம் "பாதியில விட்டுட்டா" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லாமல் இருந்தது.

போன வாரம் கோயிலில் ஒருவர் ஏன் பிள்ளையைத் திடலில் காணோம் என்று கேட்டபோது, அக்கா "ஓஞ்சு போயிருக்கா, ஓய்வுல இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற அத்தான் மறுத்துப் பேசவில்லையாம்.