தடித்த தந்தியும் அறும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் கீதபவனி நெருங்கும்போது முதல் தந்தி, அதாவது இருப்பதிலேயே மெல்லியது, அறுந்துவிடுகிறதாம். சகுனம் சரியில்லை என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மலைக்குளிர்தான் காரணம் என்கிறார் நண்பர். கடைக்காரரோ இன்னும் தடித்த தந்தியாகப் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று வாசகர் கேட்கிறார்.

மூவர் சொல்வதும் தவறு. கடைக்காரருக்கு மட்டும் கால் மதிப்பெண் போடலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தந்தியின் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன என்பது பள்ளியில் சோனாமீட்டரை வைத்துப் படித்த பாடம். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். அந்தச் சூத்திரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நம்மில் பலர், அதற்குள் ஒளிந்திருக்கும் வேடிக்கையைக் கவனிப்பதில்லை.

கிட்டாரின் முதல் தந்தி நொடிக்கு 329.6 முறை அதிர வேண்டும். நீளம் பல கிட்டார்களில் 648 மில்லிமீட்டர். 0.254 மில்லிமீட்டர் விட்டமுள்ள தந்தியை, அதாவது கடையில் ‘பத்து’ என்று கேட்டு வாங்குவதை, இந்தச் சுரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 7.4 கிலோ இழுவிசை வேண்டும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘பன்னிரண்டு’, அதாவது 0.305 மில்லிமீட்டர், வாங்கிப் போடுகிறோம். தந்தி தடித்துவிட்டது, இனி அறாது என்று தோன்றும். ஆனால் தடித்த தந்திக்கு எடையும் கூடுதல். கனமான தந்தியை அதே வேகத்தில் அதிரவைக்க அதே விகிதத்தில் கூடுதலாக இழுத்தாக வேண்டும். இப்போது இழுவிசை 10.6 கிலோ. குறுக்குப் பரப்பு எத்தனை மடங்கு கூடியதோ, சுமையும் சரியாக அத்தனை மடங்கு கூடிவிட்டது. வகுத்துப் பாருங்கள்: இரண்டிலுமே ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு தாங்கும் சுமை சுமார் 146 கிலோ. தடிமன் கணக்கிலிருந்தே கழன்று விழுந்துவிட்டது!

முதல்முறை இந்தக் கணக்கைப் போடும் எவரும் எங்கோ பிழை செய்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள். பிழை இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் சுமக்கும் இந்தப் பளுவை, அதாவது தகைவை, தீர்மானிப்பவை நீளம், அதிர்வெண், உலோகத்தின் அடர்த்தி என்ற மூன்று மட்டுமே. நீளத்தை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் தந்தியில் அலை ஓடும் வேகம் வந்துவிடும். முதல் தந்தியில் அது நொடிக்கு 427 மீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிட அதிகம். வயலினின் நீளம் கிட்டாரில் ஏறக்குறைய பாதி, மேற்கத்திய முறையில் அதன் முதல் தந்தியின் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்கு. எனவே அங்கும் அலையின் வேகம் சுமார் 430 மீட்டர்தான். வெவ்வேறு பட்டறைகளில் வளர்ந்த இரண்டு கருவிகளும், தந்தி பொறுக்கும் எல்லைக்குக் கீழே ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

எல்லை எங்கே இருக்கிறது? கிட்டார் தந்தி சாதாரண இரும்பு அல்ல. கரிமம் மிகுந்த எஃகை, ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியே இழுத்து மெலியவைத்த கம்பி. சதுர மில்லிமீட்டருக்கு 260 கிலோ அளவில்தான் அறும். வீடு கட்டும் 500 தரக் கம்பி 50 கிலோவுக்குச் சற்று மேலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் உறுதி விளங்கும். ஆனால் அந்த உறுதியில் பாதிக்கு மேல் சுரம் சேர்ப்பதற்கே செலவாகிவிடுகிறது. கை வைத்து மீட்டுவதற்கு முன்பே நிலைமை இது. மீதியைத் தின்று தீர்க்க எவ்வளவு முறுக்க வேண்டும்? தகைவு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதிர்வெண்ணை மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலே போதும். திறந்த தந்தியைச் சட்ஜமமாகக் கொண்டால் சுத்த மத்யமத்தை எட்டும்போது, அல்லது அதற்கும் முன்பே, புத்தம்புதுத் தந்தியும் அறும். பத்தானாலும் பன்னிரண்டானாலும் அதே மத்யமம்தான். பன்னிரண்டு தந்திக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு, மூன்றாம் தந்திக்கு ஜோடியாக ஒரு எட்டு (ஸ்தாயி) மேலே சுரம் சேர்க்கும் தந்தி ஏன் அத்தனை அடிக்கடி அறுகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அது முதல் தந்தியையும் விட மூன்று அரைச்சுரம் மேலே நிற்கிறது.

தடித்த ஆறாம் தந்தி அபூர்வமாகவே அறுவதற்குக் காரணம் அதன் தடிமன் என்று நினைப்பதும் சரியல்ல. அதன் சுரம் இரண்டு எட்டு கீழே இருக்கிறது. எடைக்காக வெண்கலத்தையோ நிக்கலையோ வெளியே சுற்றியிருக்கிறார்கள். சுமை தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி. அக்கூஸ்டிக் கிட்டாரில் சுற்றுள்ள மூன்றாம் தந்திக்கு இந்த உள்கம்பி மெல்லியது. அதனால்தான் அதுவும் அடிக்கடி கைவிடுகிறது.

எல்லையில் பாதிதான் ஆகிறது என்றால் பிறகு ஏன் அறுகிறது? இங்குதான் கோத்தகிரி வருகிறது.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர், நவம்பர் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். உறைக்குள் கிடக்கும் கிட்டாரின் தந்திகளில் போன முறை வாசித்தபோது ஒட்டிய வியர்வை உப்பு அப்படியே இருக்கும். சுற்றில்லாத தந்திகளின் மேல் வழக்கமாக மெல்லிய வெள்ளீயப் பூச்சு உண்டு. விரல் அழுத்தும் மெட்டுக் கம்பியிலும், தந்தி அமரும் பிரிட்ஜிலும் உரசி அந்தப் பூச்சு போன இடத்தில் உப்பும் ஈரமும் எஃகை அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது ஒரு பழுப்புப் புள்ளி. அதன் அடியில் ஒரு குழி.

குழி மிகச் சிறியது. ஆனால் ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு கொடுத்துவிட்டு, மீதியைக் கையாலேயே சர்ரென்று கிழிப்பாரே, அந்த நறுக்கு செய்யும் வேலையைத்தான் இந்தக் குழியும் செய்கிறது. சுற்றியுள்ள சுமை எல்லாம் வளைந்து வந்து குழியின் அடியில் குவிகிறது. இங்லிஸ் என்ற பொறியியலாளர் 1913-இல் இதைக் கணக்காகவே காட்டினார். குழியின் அடியில் தகைவு இரண்டு மடங்கானால் போதும். 146 இரண்டு மடங்கானால் 260-ஐத் தாண்டிவிடுகிறது. அந்த நுண்ணிய இடத்தில் எஃகு விட்டுக்கொடுக்கிறது, விரிசல் பிறக்கிறது.

பிறந்த விரிசலை வளர்ப்பது நம் வாசிப்பு. தந்தி அதிரும் ஒவ்வொரு முறையும் பிரிட்ஜின் விளிம்பில் மிக லேசாக மடங்கி நிமிர்கிறது. ஒரு மணி நேரம் விடாமல் அதிர்ந்தால் ஏறக்குறைய 12 லட்சம் மடிப்புகள். ஒரே முறை இழுத்தால் அறாத உலோகம், சிறிய சுமையைப் பல லட்சம் முறை ஏற்றி இறக்கினால் அறும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842-இல் வெர்சாய் அருகே ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் உலகம் இதைக் கவலையோடு பார்க்கத் தொடங்கியது. பிரஷ்யாவின் ரயில்வே பொறியாளர் வோலர், 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைச் சுமையோடு சுழற்றிக்கொண்டே இருந்து, எத்தனை சுற்றில் முறிகின்றன என்று எண்ணினார். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கிய நம் மலை ரயிலின் அச்சுகளுக்கும் அதே விதிதான்.

அடுத்த முறை தந்தி அறும்போது தூக்கி எறியாதீர்கள். அறுந்த முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். மிட்டாய்ப் பாகு இழுபட்டதுபோல் முனை கூராக மெலிந்திருந்தால், அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள். முனை மெலியாமல் தட்டையாக, ஒரு ஓரத்தில் பிறைபோலக் கறுத்தோ பழுத்தோ இருந்தால் அது சோர்வு. அந்தப் பிறைதான் பழைய விரிசல், பளபளக்கும் மீதி கடைசி நொடியில் அறுந்தது.

குளிரைப் பற்றி நண்பர் சொன்னதற்கு வருவோம். எஃகு குளிரில் சுருங்குவது உண்மை. வெப்பம் 15 டிகிரி இறங்கினால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு அதிகபட்சம் மூன்றரைக் கிலோ கூடும். மரமும் சற்றுச் சுருங்குவதால் உண்மையில் இன்னும் குறைவு. சுரம் லேசாக ஏறும், பாடகர் முகம் சுளிப்பார், தந்தி அறாது.

சகுனத்துக்கு அதிக இடம் தர மனமில்லை. தந்தி விழா நாளில் அறுவது, அன்றைக்குத்தான் ஓங்கி வாசிக்கிறோம் என்பதால். இரண்டு மாத ஈரத்தில் குழி விழுந்த தந்தியை எடுத்து, சுரம் சேர்த்து, டிசம்பரில் தினம் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்தால் அது வேறு எப்போது அறும்? பண்டிகைக்கும் தந்திக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள், சும்மா கிடந்த மாதங்களில் அறாமல் இருந்ததற்கு ஏன் காரணம் கேட்பதில்லை?

இதே மலையில் இன்னொரு பெரிய தந்திக் கூட்டம் இருக்கிறது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியின் பிரதிபலிப்புப் பரப்பு தகடு அல்ல. 530 மீட்டர் நீளத்துக்கு இணையாக ஓடும் 1,100 மெல்லிய கம்பிகள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அது கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ், நம் முதல் தந்தியோ 329.6 ஹெர்ட்ஸ். சோதிடர் யாராவது பிடித்துக்கொள்ளும் முன் சொல்லிவிடுகிறேன், இது வெறும் தற்செயல். தொலைநோக்கிக்கு நிதி ஒதுக்கினால் செய்தியாவது வரும். துருவை ஆராயப் பணம் கேட்டால் சிரிப்பார்கள். துருவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். பாலங்களையும் குழாய்களையும் தின்னும் துருவை ஆராய்வது, ராக்கெட் விடுவதற்குச் சற்றும் குறைந்த வேலை அல்ல என்பது என் கட்சி.

கடைக்காரரின் கால் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். துருக்குழியின் ஆழம் ஒன்றேயானாலும் மெல்லிய தந்தியில் அது பெரிய பங்கு, தடித்த தந்தியில் சிறிய பங்கு. அந்த அளவில் தடித்தது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பிரிட்ஜில் மடங்கும்போது தடித்த தந்தியின் மேல்தோல்தான் அதிகம் இழுபடும் என்பதால் அந்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

வாசகர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தந்தி எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறது என்றால் அங்கே ஏதோ விளிம்பு கூராக இருக்கிறது. நுண்ணிய உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் மழுங்கிவிடும். நவம்பர் கடைசியில், ஒத்திகை தொடங்கும் முன், முதல் இரண்டு தந்திகளையாவது மாற்றிவிடுங்கள்.

அதற்கும் வழியில்லை, கீதபவனி இன்று இரவே என்றால், ஆறு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கி, எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை முதல் மெட்டில் மாட்டி வாசியுங்கள். பாடுகிறவர்களுக்குச் சுரம் மாறாது. அதிர்வெண் ஆறு சதவீதம் இறங்கினால் தகைவு பதினோரு சதவீதம் இறங்கும். பழைய தந்தி அந்த இரவைத் தாண்டிவிடக்கூடும். உறுதியெல்லாம் தர முடியாது, மாற்றுத் தந்தி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.