மூணு வயசு பிள்ளை எந்த இடத்துல சிரிக்குதுன்னு கவனிங்க

அங்கன்வாடி டீச்சர்கள், எல்கேஜி யுகேஜி மிஸ்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறது தான் என் வேலை. எந்த சென்டருக்கு போனாலும் வாசல்ல செருப்ப கழட்டும்போதே உள்ள இருந்து சிரிப்பு சத்தம் வருதான்னு தான் காது போகும். நிறைய இடத்துல வர்றதில்ல. "கையக் கட்டு, வாய்ல விரல் வை"ன்னு வரிசையா உக்கார வச்சிருப்பாங்க, பிள்ளைங்க விரல வாயில வச்சிக்கிட்டு நம்மளயே பாத்துட்டு இருக்கும், "எங்க பிள்ளைங்க ரொம்ப அமைதி மேடம்"னு பெருமையா சொல்லுவாங்க. எனக்கு கஷ்டமா இருக்கும்.

மூணு நாலு வயசு பிள்ளைக்கு பரிட்சை வைக்க முடியாது. கேள்வி கேட்டா பாதி பிள்ளைங்க தரைய பாக்கும், மீதி பிள்ளைங்க பக்கத்துல இருக்கறவன் சொன்னதயே திருப்பி சொல்லும். ஆனா ஒரு கதைல சிரிக்க வேண்டிய இடத்துல ஒரு பிள்ளை தானா சிரிச்சுதுன்னா அதுக்கு விஷயம் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம், அத விட நல்ல அடையாளம் இந்த வயசுல கிடைக்கறது கஷ்டம்.

"பூனை லொள் லொள்னு குரைச்சுச்சு"ன்னு ஒரு பிள்ளைகிட்ட சொல்லி பாருங்க. சிரிக்கணும்னா பூனை மியாவ்னு தான் கத்தும்னு அதுக்கு உறுதியா தெரிஞ்சிருக்கணும். தெரியாத பிள்ளை அப்படியே நம்பிட்டு அடுத்த வேலைய பாக்க போயிடும். ரஷ்யாவோட பெரிய குழந்தை எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி இத தன் மகள்கிட்டயே பாத்து எழுதி வச்சிருக்கார், ரெண்டு வயசு முடியறதுக்கு முன்னாடியே அந்த குழந்தை அப்பாகிட்ட வந்து நாய் மியாவ்னு கத்துதுன்னு சொல்லிட்டு சிரிச்சிருக்கு. யாரும் சொல்லிக்குடுக்காம அதுவா செஞ்ச ஜோக்.

பால் மெக்கீன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1970கள்ல இந்த வளர்ச்சிய படிப்படியா பிரிச்சு வச்சார். வயசு எல்லா பிள்ளைக்கும் ஒண்ணு போல இருக்காது, வரிசை தான் முக்கியம். ஒன்றரை வயசு வாக்குல பொருள தப்பா பயன்படுத்தினா சிரிப்பு வரும், செருப்ப காதுல வச்சு ஹலோன்னு பேசறது அந்த வகை. ரெண்டு வயசுல பேர மாத்தி சொன்னா சிரிப்பு. மூணு வயசுக்கு மேல மாடு சைக்கிள் ஓட்டற மாதிரி நடக்கவே முடியாத விஷயம் சிரிப்பு. ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வர்ற விடுகதை எல்லாம் ஆறு ஏழு வயசுல தான் பிடிபடும், அதனால எல்கேஜில விடுகதை போட்டுட்டு பிள்ளைங்க முழிக்குதுன்னு வருத்தப்பட வேணாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி கைக்குழந்தைக்கு நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கு, நண்டூறுது நரியூறுது. உள்ளங்கைல பருப்பு கடஞ்சு, விரல் விரலா சோறு குடுத்து, அப்புறம் ரெண்டு விரல் கை மேல ஏறி அக்குளுக்கு போகும். நாலஞ்சு தடவ ஆனதும் பாருங்க, விரல் முழங்கைகிட்ட வரும்போதே குழந்தை நெளிஞ்சு சிரிக்க ஆரம்பிச்சிடும். இன்னும் கிச்சுகிச்சு மூட்டவே இல்ல. அடுத்து என்ன வரப்போகுதுன்னு அதுக்கு தெரிஞ்சிருச்சு, கதை கேக்கறதுக்கான அஸ்திவாரமே அது தான்.

நான் ட்ரெய்னிங்ல எப்பவும் எடுக்கற கதை அத்திரிபாச்சா கொழுக்கட்டை. மாமியார் வீட்ல கொழுக்கட்டை சாப்ட்ட மாப்பிள்ளை, பேரு மறந்துடக்கூடாதுன்னு "கொழுக்கட்டை கொழுக்கட்டை"ன்னு சொல்லிக்கிட்டே ஊருக்கு நடக்கறான், வழில ஒரு வாய்க்கால், "அத்திரிபாச்சா"ன்னு ஒரு தாவு தாவறான், அதுக்கப்புறம் வாயில வர்றது அத்திரிபாச்சா மட்டும் தான். அங்கன்வாடில ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரே ரூம்ல இருக்கும்ல, அங்க இந்த கதைய சொல்லி பாத்தா ஒரே நேரத்துல ரெண்டு விதமான சிரிப்பு கேக்கும். சின்னதுங்க அந்த சத்தத்துக்கும் தாவறதுக்கும் சிரிக்கும். பெரிசுங்க வீட்டுக்கு போய் "அத்திரிபாச்சா செஞ்சு குடு"ன்னு அவன் கேக்கற இடத்துல எந்திரிச்சு நின்னு "டீச்சர் அது கொழுக்கட்டை, அவனுக்கு மறந்துருச்சு"ன்னு கத்தும். எனக்கு தெரியும், அவனுக்கு தெரியல. இந்த ஒரு வரி ஒரு பிள்ளையோட மண்டைக்குள்ள வந்து உக்கார்றது ரொம்ப பெரிய விஷயங்க.

1983ல விம்மர், பெர்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இததான் சோதிச்சாங்க. ஒரு பையன் சாக்லேட்ட ஒரு அலமாரில வச்சிட்டு வெளிய போறான், அவன் இல்லாதப்ப அம்மா வேற அலமாரிக்கு மாத்திடறாங்க, திரும்பி வந்து எங்க தேடுவான்? மூணு வயசு பிள்ளைங்க சாக்லேட் இப்ப இருக்கற அலமாரிய தான் காட்டும். நாலு அஞ்சு வயசுல தான் பையன் வச்ச இடத்துல தேடுவான்னு சொல்ல ஆரம்பிக்கும். அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு யோசிக்கற அந்த திறமை தான் பின்னாடி நட்புக்கும், விட்டுக்குடுக்கறதுக்கும், ஏன் பொய் சொல்றதுக்கும் கூட வேணும்.

இந்த கதைல ஒரு இடத்த மட்டும் நான் மாத்திடுவேன். பழைய கதைல அவன் பொண்டாட்டிய அடிப்பான், கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சேன்னு மாமியார் சொன்னதும் பேரு ஞாபகம் வரும். பொண்டாட்டிய அடிக்கறத பாத்து ஒரு பிள்ளையும் சிரிக்கக் கூடாது, அதுலயும் வீட்ல நிஜமாவே அத பாக்கற பிள்ளைங்க நம்ம முன்னாடி உக்காந்திருக்கும். நான் சொல்ற கதைல அவன் வாசப்படி நிலைல டமார்னு முட்டிக்குவான், நெத்தி வீங்கிடும். அதே சிரிப்பு தான் வரும், கொறையவே கொறையாது.

சிரிப்ப கவனிக்கறதுக்கு இன்னொரு பலன் இருக்கு. ஒரு நர்சரி ஸ்கூல்ல நாலு வயசு பையன் ஒருத்தன், எல்லாரும் சிரிச்சு ஒரு செகண்ட் கழிச்சு தான் சிரிப்பான், அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற முகங்கள ஒரு தடவ பாத்துப்பான். மந்தமான பையன்னு தான் சொல்லி வச்சிருந்தாங்க. புக்கால வாய மறச்சிக்கிட்டு கதை சொன்னப்ப அவன் முகத்துல ஒண்ணுமே இல்ல, புக்க இறக்கிட்டு அவன் பாக்கற மாதிரி சொன்னதும் கரெக்டா சிரிச்சான். காது டாக்டர்கிட்ட போனா ரெண்டு செவிப்பறைக்கு பின்னாடியும் நீர் கட்டியிருந்துச்சு. அடிக்கடி சளி பிடிக்கற பிள்ளைங்களுக்கு இது சகஜமா வர்றது, ட்ரீட்மென்ட் இருக்கு. 2013ல வந்த ஆர்பிஎஸ்கேங்கற மத்திய அரசோட குழந்தைகள் உடல்நல பரிசோதனை திட்டத்துல மெடிக்கல் டீம் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ வரணும், அவங்க வரும்போது "இந்த பிள்ளை லேட்டா சிரிக்குது"ன்னு சொல்லுங்க, அது அவங்களுக்கு உபயோகமான தகவல் தான். தேவைப்பட்டா, குழந்தைகளோட குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு ட்ரீட்மென்ட் குடுக்கற மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க, இலவசம்.

அதுக்காக சிரிக்காத பிள்ளைக்கெல்லாம் ஏதோ குறைன்னு முடிவு பண்ணிடாதீங்க. கூச்சமா இருக்கலாம், பாஷை புரியாம இருக்கலாம். திருப்பூர் பக்கம் பீகார், ஒடிசால இருந்து வந்தவங்க பிள்ளைங்களும் வகுப்புல இருக்கு, அதுங்களுக்கு தமிழ் கதை மொத நாளே எப்படி புரியும். அங்க டீச்சர் தொப்பிய கால்ல மாட்டிக்கிட்டு "ஏன் நடக்க வரல"ன்னு நொண்டினா போதும், பாஷையே வேணாம், எல்லா பிள்ளையும் சேந்து சிரிக்கும், அந்த சிரிப்புல கூச்சம் பாதி போயிடும்.

தெரிஞ்சே தப்பு பண்றது தான் டீச்சர்கிட்ட இருக்கற நல்ல ஆயுதம். ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சுன்னு எண்ணுங்க. வாயே திறக்காத பிள்ளை கூட "நாலு!"ன்னு கத்தும். டீச்சர திருத்தற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே அடுத்த நாள் உன்னிப்பா கேக்கும். "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை"ய டீச்சர் வேகமா சொல்லி உளறினாலும் அதே தான், பிள்ளைங்க காது ஒவ்வொரு சத்தத்தயும் பிரிச்சு கேக்க பழகும், பின்னாடி எழுத்து படிக்க அது தான் உதவும்.

பிள்ளைங்கள கதை சொல்ல விடறது தான் நம்ம ஊர்ல ரொம்ப கம்மி. சிகாகோல விவியன் பேலின்னு ஒரு மழலையர் டீச்சர் பல வருஷம் இததான் பண்ணாங்க, பிள்ளை சொல்ல சொல்ல இவங்க எழுதிக்குவாங்க, அப்புறம் மொத்த வகுப்பும் அத நடிக்கும். நம்ம கிட்ட 25 பிள்ளைங்க இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையோட கதை எழுத நேரம் இருக்கும், நாலு வரி தான வரப்போகுது. ஒரு சென்டர்ல டீச்சர் பழைய நோட்டுல எழுதி வச்சிருந்தது இது: "புலி வந்துச்சு. புலி முட்டை சாப்டுச்சு. ஆயா திட்டுனாங்க. புலி தூங்கிருச்சு." சொன்ன பையன் தான் புலி, ஆயாம்மாவையே ஆயாவா நடிக்க வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் நோட்டு முடியற வரைக்கும் எல்லா பிள்ளை கதைலயும் ஒரு புலி வந்துட்டு போகுது.

குஜராத் பாவ்நகர்ல 1920ல பால மந்திர்ங்கற மழலையர் பள்ளிய ஆரம்பிச்ச கல்வியாளர் கிஜுபாய் பதேகா கதைய தான் வகுப்போட நடுவுல வச்சார். தமிழ்நாட்டுல 2022ல தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் கதை, பாட்டு, பொம்மை எல்லாம் பாடத்துக்குள்ளயே இருக்கு. அனுமதி இருக்கு, பயன்படுத்திக்கணும்.

கோவமா சொல்ல வேண்டிய ஒண்ணும் இருக்கு. பிள்ளைய பாத்து சிரிக்கறது. தக்காளிய "தத்தாளி"ன்னு சொல்ற பிள்ளைய விசேஷ வீட்ல நடுவுல நிக்க வச்சு "இன்னொரு தடவ சொல்லு, மாமாக்கு சொல்லிக் காட்டு"ன்னு கூட்டமா சிரிக்கறாங்க. நாலாவது தடவ அது வாய மூடிக்கும். திக்கி பேசற பிள்ளைகிட்ட இது இன்னும் கொடுமை. வகுப்புல "ஆஹா, ரொம்ப அழகா கொட்டி வச்சிருக்க சோத்த"ன்னு குத்தலா பேசறதும் வேணாம், அஞ்சு வயசுக்கு கீழ பெரும்பாலும் அந்த குத்தல் புரியாது, வார்த்தைய அப்படியே எடுத்துக்கும், பாராட்டுறாங்களா திட்டுறாங்களான்னு முகத்த பாத்து குழம்பும். சாமி கண்ண குத்தும், பூச்சாண்டி பிடிச்சிட்டு போகும்ங்கற கதைகளயும் விட்டுடுங்க, பிள்ளை அடங்குது உண்மை தான், பயத்துல அடங்குது.

வீட்டுக்கும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசு ஆகற வரைக்கும் ஸ்க்ரீனே வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம், உக்காந்திருக்கற நேரத்துல கூட இருக்கறவங்க கதை சொல்லுங்க, படிச்சு காட்டுங்க. "எனக்கு கதை சொல்ல தெரியாதுங்க"ன்னு பெத்தவங்க, முக்கியமா அப்பாக்கள், எப்பவும் சொல்லுவாங்க. ராஜா ராணி எல்லாம் வேணாம். சோறு ஊட்டும்போது இன்னைக்கு உங்களுக்கு நடந்தத சொல்லுங்க, நடுவுல ஒரே ஒரு தப்ப சொருகுங்க, "பஸ்ல ஏறினேனா, டிரைவர் சீட்ல ஒரு ஆடு உக்காந்து ஹாரன் அடிக்குது"ன்னு. பிள்ளை "பொய்யி"ன்னு சொல்லும். உடனே ஒத்துக்காதீங்க, "நிஜமா தான், கண்டக்டர் கூட ஆடு தான், எனக்கு டிக்கெட் குடுத்துச்சு"ன்னு சண்டைக்கு நில்லுங்க. ஆடு எப்படி டிக்கெட் கிழிக்கும்னு அதுவே கேள்வி கேட்டு, அதுவே பதிலும் சொல்லும்.